சலவை வண்டி ஓட்டியவரின் லைசென்ஸ்

மெல்பேணில் கோல்ஃபீல்ட் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மர நிழலில் காரை நிறுத்திவிட்டு, மடியில் பெட்டியை வைத்துப் புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மாணவி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஜன்னலில் யாரோ விரலால் தட்டினார்கள். கோட்டும் கழுத்தில் மஃப்ளரும் போட்ட மெலிந்த முதியவர் ஒருவர், கையில் ரொட்டிப் பையுடன் நின்றார். கண்ணாடியை இறக்கினேன்.

"ட்ரைவிங் படிப்பிக்கிறது நீங்கள்தானோ?"

"ஓம்."

"வயசுக் கட்டுப்பாடு ஏதும் இருக்கோ?"

பேரப்பிள்ளைக்காகக் கேட்கிறார் என்று நினைத்து, "பதினாறு முடிஞ்சால் காணும்" என்றேன்.

"அப்ப எனக்குப் பிரச்சினை இல்லை. எண்பத்தேழு முடிஞ்சுது" என்று சொல்லி, கோட்டுப் பையிலிருந்து, ஓட்டப் பழகுபவர்களுக்குக் கொடுக்கும் எல் பெர்மிட்டை எடுத்து நீட்டினார். படத்தில் இருந்தவர் அவரேதான். கூடவே டாக்டரின் கடிதம், கண் டாக்டரின் கடிதம். பெர்மிட்டுக்காகக் கம்ப்யூட்டரில் கேட்ட கேள்விகளில் ஒன்றே ஒன்றுதான் பிழையாம். அந்த ஒன்றும் கேள்வியில்தான் பிழை, தன் பதிலில் இல்லை என்று அங்கேயே நின்று எனக்கு விளக்கினார்.

அவர் பேசியது ஆங்கிலம். ஐரோப்பாவின் ஏதோ மூலையிலிருந்து உருண்டு வந்த, ர என்ற எழுத்தை அழுத்திச் சொல்லும் ஆங்கிலம். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் மெல்பேணில் கார் ஓட்டப் படிப்பிக்கத் தொடங்கி அப்போது ஆறு வருடம். மாணவர்களில் பாதிப்பேர் ஊரிலிருந்து புதிதாக வந்த எங்கள் பெண்கள், மீதிப்பேர் கிளேட்டனில் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர்கள். எழுபது தாண்டிய ஒருவரும் அதுவரை என்னிடம் வந்ததில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னபோது, அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எண்பத்தேழு வயசு மனுசனைக் கூட்டிக்கொண்டு ரோட்டில இறங்கப் போறியோ? உனக்கென்ன விசரே?"

"என்ர பக்கத்திலயும் பிரேக் இருக்கு" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

முதல் பாடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆள் நடமாட்டம் இல்லாத தொழிற்பேட்டைத் தெருவுக்கு அவரைக் கூட்டிப் போனேன். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. முதல் தரம் ஓட்டுகிறவர்கள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே முறைத்துப் பார்ப்பார்கள். இவர் மெதுவாக எடுத்தார், வளைவில் பதமாக வேகத்தைக் குறைத்தார், இரண்டு விநாடிக்கு ஒரு தரம் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். ஆனால் கொஞ்சம் விட்டால் கார் வலப்பக்கமாகச் சரிந்து போய்விடும். "இடம், அங்கிள், இடம்" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்தது. திரும்பும்போது ஒரு தரம்கூடச் சிக்னல் போடவில்லை.

காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "நீங்கள் முதலே கார் ஓடியிருக்கிறியள்."

"கார் இல்லை ரீச்சர். சலவை வண்டி. பதினொரு மாசம். கிட்டத்தட்ட எழுபது வருசத்துக்கு முன்னால, பெல்ஜியத்தில. அங்க வலப்பக்கமாத்தான் ஓடுறது."

"அப்ப லைசென்ஸ் இருந்திருக்குமே?"

அவர் சிரித்தார். "அந்த நாட்டில அப்ப வண்டி ஓட லைசென்ஸே தேவையில்லை. என்னட்ட வேற எல்லாப் பேப்பரும் இருந்தது. எல்லாம் கள்ளப் பேப்பர்."

இங்கே வந்த பிறகு ஏன் ஓட்டவில்லை என்று கேட்டேன். கப்பலில் வந்து இறங்கித் தொப்பித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாராம். மனைவிதான் கார் பழகினாராம். "அவ ஓடுவா, நான் பக்கத்தில இருந்து பாதை சொல்லுவன். ஒருக்கா என்னை ஓட விட்டா. பத்து நிமிசத்தில இறங்கச் சொல்லிட்டா. யாரோ துரத்துற மாதிரி ஓடுறியள் எண்டு சொன்னா." மனைவி இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. மனைவி ஓட்டிய சின்ன நீலக் கார் கராஜில் அப்படியே நின்றது.

மூன்றாவது பாடத்தில்தான் சிக்னல் சண்டை வந்தது. சிக்னல் போடாமல் நாலு தரம் திரும்பினார். ஐந்தாவது தரம் நானே கையை நீட்டிப் போட்டேன். அவர் உடனே நிறுத்திவிட்டார்.

"சிக்னல் போட்டால் பின்னால வாறவனுக்கு நான் எங்க திரும்பப் போறன் எண்டு தெரிஞ்சிடுமே."

"ஓம் அங்கிள். தெரியத்தான் போடுறது."

"அதைத்தான் சொல்லுறன்" என்றார், நான்தான் விளங்காமல் பேசுகிறேன் என்பதுபோல.

அன்று பாடம் நடக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் சொன்னார், நான் கேட்டேன்.

அவருடையது போலந்திலிருந்து பிழைப்புக்காக பெல்ஜியத்துக்குப் போன யூதக் குடும்பம். தகப்பன் தையல்காரர். ஜெர்மன்காரர் நாட்டைப் பிடித்து இரண்டு வருடத்தில் யூதர்களைப் பிடித்து ரயிலில் ஏற்றத் தொடங்கினார்கள். தாயும் தகப்பனும் தங்கையும் ஒரு ரயிலில் போனார்கள். திரும்பி வரவில்லை. இதை ஒரே வசனத்தில் சொல்லி முடித்தார். 

அவரை ஏற்றியது சில மாதங்கள் கழித்து. அப்போது அவருக்கு இருபது வயது. மாடு ஏற்றும் பெட்டி. அவரோடு இருந்த ஒருவர் சப்பாத்துக்குள் ஒரு சின்ன அரத்தை ஒளித்து வைத்திருந்தார். ஆள் மாறி ஆள் ஜன்னல் கம்பியை அராவினார்கள். விடியப் போகும் நேரம், ரயில் ஒரு மேட்டில் மூச்சு வாங்கி ஏறியபோது, அவர் அந்த ஓட்டைக்குள்ளால் குதித்தார். விழுந்தது பீட்ரூட் தோட்டத்தில். கணுக்கால் வீங்கிவிட்டது. நொண்டி நொண்டிப் போனபோது ஒரு பண்ணையில் ஒரு பெண் பால் கறந்துகொண்டிருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோப்பைப் பாலை மதிலின் மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். குடித்து முடித்ததும், "இனி வைக்கோலுக்குள்ள போய்ப் படு" என்றாள்.

"அவவின்ர முகம் ஞாபகமில்லை ரீச்சர். பால் சூடாயிருந்தது ஞாபகம்."

அந்தப் பெண்ணின் ஊர்ப் பாதிரியார் அவரை ஒரு சிறு நகரத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு விதவை, கன்னியாஸ்திரி மடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைச்சாலை நடத்தினாள். அவளுடைய வண்டி ஓட்டுநரை வேலைக்கென்று ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் கேட்டது ஒரே கேள்வி: வண்டி ஓட்டத் தெரியுமா?

"தெரியும் எண்டு சொன்னன். அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை."

பொய் முதல் நாளே பிடிபட்டது. மடத்து முற்றத்தில் வண்டியைக் கொண்டுபோய்ப் பூந்தொட்டியில் மோதினார். வெளியே வந்த ஒரு கன்னியாஸ்திரி அவரை இறக்கிவிட்டு, அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தாள். ஆப்பிரிக்காவில் மிஷன் லொறி ஓட்டியவளாம். மூன்று நாட்கள் காலையில் அந்த முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓட வைத்தாள். பிழை விட்டால் ஜெபமாலையால் முழங்கையில் ஒரு அடி.

"அவ முதல் ரீச்சர். நீங்கள் இரண்டாவது. நீங்கள் அடிக்கிறேல்லை, அது ஒரு முன்னேற்றம்."

பெட்ரோல் கிடைக்காத காலம். வண்டியின் பக்கவாட்டில் பெரிய இரும்பு அடுப்பு ஒன்று பூட்டி, விறகு எரித்து, அந்தப் புகையில் எஞ்சின் ஓடியதாம். நான் நம்பவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். உண்மைதான், படங்களே இருந்தன. வெளுத்த துணிக் கூடைகளுக்குள், ஒளிந்திருந்தவர்களுக்கான பங்கீட்டு அட்டைகள், கள்ள அடையாள அட்டைகள். பக்கத்து ஆசனத்தில் சில நாட்களில் ஒரு பிள்ளை. அந்த விதவையும் அவளோடு இரகசியமாக வேலை செய்தவர்களும் யூதப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து வாங்கி மடங்களிலும் பண்ணைகளிலும் ஒளித்து வைத்தார்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றுவது இவர் வேலை. பிள்ளையின் பெயரைக் கேட்கக் கூடாது. தன் பெயரைச் சொல்லக் கூடாது. ஒரே வாகனம் இரண்டு திருப்பத்துக்கு மேல் பின்னால் வந்தால், போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் சட்டென்று வேறு சந்துக்குள் இறங்கிவிட வேண்டும்.

"சிக்னல் போடாமல்" என்றேன்.

"சிக்னல் போடாமல்" என்றார்.

நானும் போர் நடந்த ஊரிலிருந்து வந்தவள்தான். சைக்கிளில் ரியூஷனுக்குப் போகும் வயதில், காவல் சாவடியில் எங்கே போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று எனக்கும் பாடம் எடுத்திருந்தார்கள். அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்கு நேரம் பிடிக்கவில்லை. ஆனால் விளங்கிக்கொண்டதற்காக எந்தப் பரீட்சையாளரும் லைசென்ஸ் தரப் போவதில்லை. எனவே ஒரு வழி செய்தேன். சிக்னல் போடும்போதெல்லாம் எங்கே திரும்புகிறார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றேன்.

முதலில் முணுமுணுத்தார். நாலைந்து பாடத்துக்குப் பிறகு அவருக்கே அது பிடித்துவிட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டு, நாடக மேடையில் நிற்பவர்போல, "வலப்பக்கம் திரும்பப் போறன்" என்று தெருவுக்கே அறிவித்தார். ட்ராம் தரிப்பிடத்தில் நின்ற ஒருவர், "நல்லது, போய்ட்டு வாங்கோ" என்பதுபோலக் கையசைத்தார். இவரும் கையசைத்தார். "இரண்டு கையும் ஸ்டியரிங்கில" என்று நான் கத்தினேன்.

குளிர்காலத்தில் பரீட்சை வந்தது. பரீட்சையாளர் அவர் பக்கத்தில் ஏறினார், நான் பின் ஆசனத்தில் உட்கார்ந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஒரு வெள்ளைக் கார் எங்கள் பின்னால் வந்து சேர்ந்தது. ஒரு திருப்பம். அதுவும் திரும்பியது. இரண்டாவது திருப்பம். அதுவும் திரும்பியது. கண்ணாடியில் அவருடைய கண்கள் மாறியதைப் பார்த்தேன். "நேராகப் போங்கள்" என்று பரீட்சையாளர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சிக்னலும் இல்லை அறிவிப்பும் இல்லை, கார் ஒரு சின்னச் சந்துக்குள் பாய்ந்து, யாரோ வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

வெள்ளைக் கார் நேராகப் போய்விட்டது. அதற்குள் யாரோ ஒரு பெண் நாய்க்குட்டியுடன் இருந்தாள்.

பரீட்சையாளர் பேனாவை மூடினார். இவர் மெதுவாகச் சொன்னார்: "மன்னிக்க வேணும். பழைய பழக்கம்."

பிறகு ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அழுவார் என்று பயந்தேன். அவர் கேக்கைப் பாதியாக வெட்டி எனக்கு ஒரு பாதியைத் தள்ளிவிட்டு, "எத்தனை கிழமையில திரும்ப எடுக்கலாம்?" என்று கேட்டார். அவசரம் என்ன என்றேன். அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது.

சிட்னியில் ஒரு யூதச் சங்கத்தின் செய்தித்தாளில், எழுபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் தன் சிறுவயதைப் பற்றி எழுதியிருந்தார். ஐந்து வயதில் பெல்ஜியத்தில் தன்னைப் புகை விட்டுக்கொண்டு ஓடும் ஒரு வண்டியில் ஏற்றிப் போனார்கள், வண்டி நிறைய வெள்ளைத் துணி, ஓட்டிய ஆள் வழி முழுக்கப் பிழையான மெட்டில் பாடிக்கொண்டே வந்தான் என்று. ஒரு நண்பர் அதை இவரிடம் காட்டினார். இவர் எழுதிப் போட்டார். அந்தப் பெண் பதில் எழுதினார். இருவரும் ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரே நாட்டில் இருந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு இடுப்பில் ஒரு ஆபரேஷன் முடிந்திருந்தது, வசந்தம் வந்ததும் மெல்பேணுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

"டாக்சியில போய்க் கூட்டி வரலாம்தானே அங்கிள்?"

"ரீச்சர், போன தரம் அவளை நான்தான் ஏத்திக்கொண்டு போனனான்."

அந்தப் பயணத்தையும் சொன்னார். விறகுப் புகையும் ஆட்டமும் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெளுத்து மடித்த துணிக் கூடைக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டாள், ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். கொஞ்சத் தூரத்தில் காவல் சாவடி. அந்தக் கூடையின் அடியில்தான் பங்கீட்டு அட்டைகள். சிப்பாய் மூடியைத் தூக்கினான். மணம் முகத்தில் அடித்தது. "காய்ச்சல் ஆஸ்பத்திரித் துணி, பிள்ளைக்கும் தொத்திப்போட்டுது போல" என்று இவர் சொன்னார். சிப்பாய் மூடியைப் போட்டுவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, போ போ என்றான்.

"அந்த வாந்தியாலதான் நான் இருக்கிறன்" என்று சொல்லிச் சிரித்தார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். நானும்தான்.

அடுத்த மூன்று கிழமையும் கிழமைக்கு நாலு பாடம். என் அக்கா மகனை வேறு ஒரு காரில் எங்கள் பின்னாலேயே வரச் சொன்னேன். திருப்பத்துக்குத் திருப்பம் அவன் வந்தான். இவருக்கு வியர்த்தது. "அது என்ர பெறாமகன் அங்கிள், அவனுக்கு மத்தியானச் சாப்பாடு தாறதெண்டு சொல்லிக் கூட்டி வந்தனான்" என்றேன். மூன்றாம் நாள் இவர் கண்ணாடியில் அவனைப் பார்த்து, "வரட்டும், பாவம், பசியோட வாறான்" என்று சொல்லிவிட்டு நேராக ஓட்டினார்.

இரண்டாவது பரீட்சையாளர் ஒரு இளம்பெண். சிக்னல் போடும் ஒவ்வொரு தரமும், "இப்ப இடப்பக்கம் திரும்பப் போறன், மேடம்" என்று இவர் அறிவித்தார். அவள் முதலில் குழம்பினாள், பிறகு "நன்றி" என்று சொல்லத் தொடங்கினாள். முடிவில் என்னிடம், "இவ்வளவு மரியாதையான ஆளை நான் பரீட்சை பண்ணினதே இல்லை" என்றாள். பாஸ்.

அலுவலகத்தில் கையில் கொடுத்த தாளை அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். தன் பெயரைச் சத்தமாக வாசித்தார். பிறந்த திகதியை வாசித்தார். எல்லாம் உண்மை என்றார். கவுன்ரரில் இருந்த பையன் விளங்காமல் சிரித்தான். புது ஓட்டுநர்கள் எல்லோரையும்போல அவரும் மூன்று வருடத்துக்குப் பச்சை பி அட்டையைக் காரில் ஒட்ட வேண்டும். "அப்ப தொண்ணூறு வயசில நான் பெரிய ஆளாயிடுவன்" என்றார்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, மனைவியின் நீலக் காரில் விமான நிலையத்துக்குப் போனோம். அந்தக் காரில் முதல் நெடுஞ்சாலைப் பயணம், நானும் பின்னால் இருந்தால் நல்லது என்று கேட்டிருந்தார். மூன்று தரம் என் காரில் அந்தப் பாதையை ஒத்திகை பார்த்திருந்தோம். போகும் வழியெல்லாம் பாடினார். மெட்டுப் பிழைதான் என்று எனக்கே தெரிந்தது.

ஊன்றுகோலுடன், சிவப்புச் சால்வை போட்ட உயரமான பெண் ஒருவர் கதவைத் தாண்டி வந்தார். இவர் அவர் தோள் உயரம்தான் இருந்தார். அந்தப் பெண் குனிந்து இவர் முகத்தைப் பார்த்து, "நீங்கள் பெரிய ஆள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். இவர், "நீ சின்ன ஆள் எண்டு நான் நினைச்சன்" என்றார். இருவரும் கட்டிப்பிடித்து நின்றார்கள். பிறகு எனக்குத் தெரியாத ஒரு மொழியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

சென் கில்டாவில் கடலைப் பார்த்து உட்கார்ந்து மீனும் சிப்ஸும் சாப்பிட்டோம். சண்டையும் அங்கேதான்.

"நான் வாந்தி எடுக்கேல்லை. எனக்குப் பயணம் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாமல் விட்டதில்லை."

"இரண்டு தரம்."

"அது வேற பிள்ளையாயிருக்கும்."

"வேற பிள்ளையள் எல்லாம் சத்தம் போடாமல் இருந்தவை. நீதான் என்னைப் பாடாதை எண்டு சொன்னனி."

அந்தப் பெண் அதை மறுக்கவில்லை. சிப்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அவருக்கு மூன்று பிள்ளைகள், ஏழு பேரப்பிள்ளைகள். கைப்பையிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். காற்றில் பறந்துவிடாமல் இருக்க இவர் இரண்டு கையாலும் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பிட மறந்துவிட்டார். இவருடைய மீனைக் கடற்பறவைகள் கொண்டுபோயின.

எனக்கு மூன்று மணிக்கு கிளேட்டனில் ஒரு மாணவி. என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, இருவரும் கரையோரமாகத் தெற்கே போகப் போவதாகச் சொன்னார்கள். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பார்ப்பம் என்றார். சிக்னல் போட்டு, கண்ணாடியை இறக்கி, "வலப்பக்கம்" என்று அறிவித்துவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த பெண் சிவப்புச் சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் காற்றும் அந்தப் பெண்ணின் சிரிப்பும் கேட்டன.

"எங்க அங்கிள் நிக்கிறியள்?"

"கடைசி வரைக்கும் வந்திட்டம் ரீச்சர். ஐஸ்கிறீம் சாப்பிடுறம். இதுக்கு அங்கால கடல்தான், ரோட் இல்லை. அதால இனித் திரும்பப் போறம்."